நடுப்பருவக் கணக்கு

கிரிக்கெட்டைத் தவிர வேறோர் ஆட்டத்திற்கு என் மனத்தைப் பறிகொடுப்பேன் என்று எவரேனும் முன்னர் கூறியிருந்தால் நகைத்திருப்பேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலே வேகப்பந்து வீசியவன் நான். பின்னர் ஆசிரியனாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே ஆட்டத்தை எல்லைக்கோட்டருகே நின்று பார்த்தவன். அத்தகைய நான், 2019ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் முடியும்வரை, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மகள் வீட்டிலே தங்கியிருந்த ஆறு மாத காலத்தில், பேஸ்போல் என்னும் ஆட்டத்திற்கு அடிமையானேன். என்னை அடிமையாக்கியவன் பத்து வயதுப் பேரன்.

நம் நாட்டு வாசகர் பலருக்கு இவ்வாட்டம் புதிதாகையால் இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். மைதானத்தின் நடுவே பத்து அங்குல உயரமான ஒரு மண்மேடு. அதன்மேல் ஒருவர் நின்று, அறுபது அடி ஆறு அங்குலத் தொலைவில் நிற்கும் துடுப்பாளரை நோக்கிப் பந்தை எறிகிறார். பந்து நிலத்திலே படுவதில்லை. நமது ஆட்டத்தில் முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிந்தால் நடுவர் குற்றம் என்று கையை நீட்டுவார். இங்கோ முழங்கையை மடக்கி, தோளை முறுக்கி, முழுப் பலத்தோடும் எறிவதே வித்தை. பந்தில் 108 இரட்டைத் தையல்கள் உள்ளன. அத்தையல்களின்மேல் விரல்களை வைக்கும் விதத்தைப் பொறுத்துப் பந்து வளையும், தாழும், அல்லது கண் இமைக்கும் முன் கடந்து செல்லும்.

ஓர் ஆட்டத்திற்கு ஒன்பது இனிங்ஸ். ஒரு பருவத்திற்கு ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். மார்ச் மாத இறுதியில் தொடங்கி செப்டெம்பர் முடியும்வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. எனவே ஒருவரே நாள்தோறும் எறிதல் இயலாது. ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிஞர் ஐவர் இருப்பர். ஒருவர் ஏறக்குறைய நூறு பந்துகள் எறிந்துவிட்டு நான்கு நாள் ஓய்வெடுத்து ஐந்தாம் நாள் மீண்டும் வருவார். அவர் களைத்ததும் எஞ்சிய இனிங்ஸை முடித்துக் கொடுப்பதற்குப் பின்வரிசைப் பந்தெறிஞர் சிலர் ஓர் ஓரத்திலே காத்திருப்பர். ஒன்பது இனிங்ஸுக்கு ஒருவர் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்பதே அவரது தகுதிக்கு அளவுகோல். மூன்றுக்குக் கீழே நின்றால் மேலான வீரர். ஐந்துக்கு மேலே போனால் முகாமையாளருக்கு நித்திரை இராது.

பேரன் இவற்றையெல்லாம் தட்டுத் தடுமாறிய தமிழிலே எனக்குக் கற்பித்தான். நானும் நல்ல மாணாக்கனாகி, ஊரிலிருந்து கொண்டுபோன ஒற்றை றூல் கொப்பி ஒன்றிலே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வாஷிங்டன் நஷனல்ஸ் அணியின் ஆட்டங்களை மாலையிலே தொலைக்காட்சியில் இருவரும் பார்ப்போம். பின்னர் நான் எழுதியதை அவனுக்கு உரத்து வாசித்துக் காட்டுவேன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கேட்டால் விளங்கும். தவறான இடத்திலே, "அம்மப்பா, அது பிழை" என்பான், திருத்திக்கொள்வேன். அன்பு காரணமாகத் தொடங்கிய இப்பழக்கம் இரண்டொரு வாரத்தில் ஆட்டத்தின்மேலேயே பற்றாயிற்று.

நான் போய்ச் சேர்ந்த காலம் அவ்வணிக்கு நல்ல காலமன்று. 33 ஆண்டுகள் சொந்த அணியின்றி இருந்த தலைநகருக்கு 2005இல் கனடாவின் மொன்ட்ரியலிலிருந்து வந்து சேர்ந்த அணி அது. வாஷிங்டன் நகரத்து அணியொன்று உலகத் தொடரைக் கடைசியாக வென்றது 1924இல். நஷனல்ஸோ 2012, 2014, 2016, 2017 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் தம் பிரிவிலே முதலிடம் பெற்று, ஒவ்வொரு முறையும் ஒக்டோபரின் முதற்சுற்றிலேயே தோற்றுத் திரும்பியவர்கள். போதாக்குறைக்கு, அணியின் நட்சத்திரத் துடுப்பாளர் ப்றைஸ் ஹார்ப்பர் 2019இன் தொடக்கத்தில் பதின்மூன்று ஆண்டு உடன்படிக்கை செய்து பிலடெல்பியா அணிக்குப் போய்விட்டார். மே 23ஆம் திகதி நஷனல்ஸ் ஆடிய ஐம்பது ஆட்டங்களில் வென்றவை 19, தோற்றவை 31. பத்திரிகைகள் முகாமையாளர் மார்ட்டினஸை நீக்கும் நாளை எண்ணத் தொடங்கின.

அதன் பின்னர் நிகழ்ந்ததுதான் என்னைக் கட்டிப்போட்டது. அடுத்த 39 ஆட்டங்களில் அவர்கள் 28ஐ வென்றார்கள். ஜூலை இரண்டாம் வாரத்திலே, நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்தை முன்னிட்டு எல்லா அணிகளுக்கும் சில நாள் ஓய்வு கிடைக்கும். பருவத்தின் நடுக்கோடு என்று அதைக் கொள்வர். அந்த ஓய்வுக்கு வந்தபோது நஷனல்ஸின் கணக்கு 47 வெற்றி, 42 தோல்வி. அட்லாண்டாவுக்கு அடுத்ததாக இரண்டாமிடம். ஆட்டமில்லாத அந்தத் திங்கட்கிழமை இரவு, வேறு வேலையின்மையால், கொப்பியிலே 'நடுப்பருவக் கணக்கு' என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் எழுதினேன். அப்பக்கங்கள் இப்பொழுதும் என் மேசைமேல் உள்ளன.

முதலாவதாக மக்ஸ் ஷேர்ஸரைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு கண் நீலம், மறு கண் கபிலம். மண்மேட்டைச் சுற்றிக் கூண்டுப் புலிபோல நடப்பார். 2015இல் ஏழாண்டுகளுக்கு 210 மில்லியன் டொலருக்கு அணிக்கு வந்தவர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மட்டும் ஆறு ஆட்டங்களைத் தொடங்கி ஆறையும் வென்றார். சராசரி, ஒன்பது இனிங்ஸுக்கு ஒரே ஓட்டம். அம்மாதம் 18ஆம் திகதி பயிற்சியின்போது பந்து பட்டு அவரது மூக்கு உடைந்தது. மறுநாள் மாலை, கண்ணைச் சுற்றிக் கருநீலமாகக் கன்றிய முகத்தோடு வந்து, பிலடெல்பியாவுக்கெதிராக ஏழு இனிங்ஸ் எறிந்து ஓர் ஓட்டமும் கொடாது சென்றார். இதை எழுதிய வரியின் ஓரத்திலே, 'இவனன்றோ வீரன்' என்று குறித்திருக்கிறேன். அந்த மூன்று சொற்களை நான் பின்னர் எண்ணி வருந்த நேர்ந்தது.

இரண்டாமவர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பேர்க். இவருடைய கதை நீளமானது. 2009இல் நாட்டிலுள்ள இளைஞர் அனைவரிலும் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டவர். 2010 ஜூன் 8ஆம் திகதி, தமது முதலாவது ஆட்டத்திலேயே பதினால்வரைப் பந்து அடிக்கவிடாமல் வெளியேற்றினார். மூன்று மாதம் கழியுமுன் முழங்கையின் உட்புற இணைப்பு நார் அறுந்தது. அறுந்த நாருக்குப் பதிலாக உடலின் வேறோர் இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து வைத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை ஒன்றுண்டு. 1974இல் டொக்டர் பிராங்க் ஜோப் அதனை முதன்முதலாக ரொமி ஜோன் என்னும் பந்தெறிஞருக்குச் செய்தார். அவ்வீரரின் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. ஸ்ட்ராஸ்பேர்க்கும் அந்தச் சிகிச்சைக்கு உட்பட்டு ஓராண்டு ஆறியிருந்து மீண்டார்.

2012இல் அவர் உன்னதமாக எறிந்துகொண்டிருக்கையில், அணியின் தலைவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். தைத்த முழங்கைக்கு முதல் முழுப் பருவத்தில் ஓர் எல்லை வேண்டும் என்றார்கள். 159 இனிங்ஸ் கடந்ததும், செப்டெம்பரிலே, நோவொன்றும் இல்லாதிருந்த அவரை அப்பருவத்திற்கு நிறுத்திவிட்டார்கள். அணி அவ்வாண்டு 98 ஆட்டங்களை வென்றது; அதிலும் மிகுதியாக வென்ற அணி நாட்டில் வேறில்லை. ஒக்டோபரிலே சென் லூயிஸ் அணிக்கெதிரான கடைசி ஆட்டத்தில் ஆறுக்குப் பூச்சியம் என்று முன்னணியில் நின்றும் ஒன்பதுக்கு ஏழு என்று தோற்றது. சிறந்த பந்தெறிஞரைப் பெட்டியிலே பூட்டி வைத்துவிட்டுப் போருக்குப் போனார்கள் என்று நகரம் புலம்பியது. ஏழாண்டு கழிந்தும் என் மருமகன் அதைப் பேசினால் குரல் உயரும். நான் கொப்பியிலே எழுதிய கேள்வி இது: 'அன்று சேமித்த கை இன்று எவ்வளவு மிச்சமிருக்கிறது?'

மூன்றாமவர் பற்றிக் கோர்பின், இடக்கையர். முந்திய டிசெம்பரில் ஆறாண்டுகளுக்கு 140 மில்லியன் டொலருக்கு வந்தவர். அவரது பந்து துடுப்பாளரின் முழங்காலை நோக்கி நழுவி மறையும். நான்காமவர் வெனிசுவேலா நாட்டு அனிபல் சான்செஸ். வேகம் குறைந்த வயதிலே, அவசரப்படும் துடுப்பாளரை மெதுவான பந்தால் ஏமாற்றுபவர். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் சிலர் சதுரங்கம் ஆடும் விதம் நினைவுக்கு வந்தது. இந்நால்வருக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி என்று எழுதினேன்.

அடுத்த பக்கமே துன்பப் பக்கம். பின்வரிசைப் பந்தெறிஞர் ஒன்பது இனிங்ஸுக்கு ஆறு ஓட்டமளவில் கொடுத்துக்கொண்டிருந்தனர். ஷேர்ஸர் ஏழு இனிங்ஸ் கட்டிய வீட்டை எட்டாம் இனிங்ஸிலே இவர்கள் தீயிட்ட இரவுகள் பல. நம்பத்தக்கவர் ஷோன் டூலிட்டில் ஒருவரே. அந்த ஒருவரையும் ஓயாது அழைத்தால் அவர் கை என்னவாகும்? துடுப்பாட்டத்திலே அன்டனி ரென்டோனும் இருபது வயது யுவான் சோட்டோவும் இருந்தார்கள், அங்கே குறையில்லை. ஆகவே என் முடிபு: 'நால்வரின் கை ஒக்டோபர்வரை தாங்கினால் இரண்டாமிடம் உறுதி. ஆனால் பின்வரிசை இவ்வாறிருக்கக் கிண்ணம் பற்றிக் கனவு காணலாகாது. வழமைபோல முதற்சுற்றில் முடியும்.' இதைப் பேரனுக்கு வாசித்தேன். கடைசி வரியை மாத்திரம் அவன் ஒப்பவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை அவனும் எறிந்திருந்தான். அவ்வூர்ச் சிறுவர் அணியிலே அவன் பந்தெறிஞன். சிறுவர் ஆட்டத்திற்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் எறியக்கூடாது. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. மகள் ஒரு சிறு பொறியைக் கையில் வைத்து ஒவ்வொரு பந்தையும் எண்ணுவாள். அன்று அவன் எறிந்தவை 70. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஓய்ந்தால் சனிக்கிழமை அரையிறுதி ஆட்டத்தில் எறியலாம். விதி இடங்கொடுத்தது. அவனும் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை, உணவு மேசையிலே, பாற்கோப்பையை அவன் இடக்கையால் எடுத்தான். மகள் அலுவலகத்திற்கு விரைந்துகொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மாலையிலே மோட்டார் வண்டிக் கதவையும் இடக்கையாலேயே திறந்தான். இரவு பல் துலக்கியதும் இடக்கையால். வேறொருவர் கண்ணுக்கு இவை தெரியாமற் போகலாம். எனக்குத் தெரியாமற் போகாது, காரணத்தைச் சொல்லவேண்டும்.

1968ஆம் ஆண்டு, பதினேழு வயதிலே, ஒரு பள்ளிக்கூட ஆட்டத்தில், மதிய போசனத்திற்குப் பின்னர் தொடங்கிப் பொழுது சாயும்வரை ஒரே முனையிலிருந்து நான் பந்து வீசினேன். இடையிலே தோளிற்குள் ஏதோ கிழிந்ததுபோல் ஓர் உணர்வு. ஒருவரிடமும் சொல்லவில்லை. தேநீர் வேளையிலே எங்கள் பயிற்சியாளர், "இன்னும் ஓரிரு விக்கெட்தான், தம்பி" என்றார். அவர்மேல் குற்றமில்லை; நான் சொன்னாலன்றோ அவருக்குத் தெரியும்? எடுத்தவை ஏழு விக்கெட். மாணவர் என்னைத் தோளிலே தூக்கிச் சென்றனர். தூக்கிச் சென்ற அந்த வேளையிலே என் வலக்கையை உயர்த்த முடியவில்லை. அதன்பின் என்றும் அது முழுமையாக உயரவில்லை. ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் கரும்பலகையின் கீழ்ப்பாதியிலேயே எழுதினேன். பின்வாங்கு மாணவர் எழுந்து நின்று பார்த்து எழுதுவர். அது என்னுடைய ஒரு வழக்கம் என்று எண்ணினார்களேயொழிய, ஒருவரும் காரணம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆகையால் அன்றிரவு பேரனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கை நோகுதோ, ராசா?" என்று கேட்டேன்.

"இல்லை."

முழங்கையின் உட்புறத்தை மெல்லத் தொட்டேன். முகத்தைச் சுளித்தான். பின்னர் தாழ்ந்த குரலில், "அம்மாவுக்குச் சொல்லவேண்டாம், அம்மப்பா. சனிக்கிழமை மட்டும்" என்றான்.

"நோவோடு எறியக்கூடாது, பிள்ளை."

"ஷேர்ஸர் மூக்கு உடைஞ்சும் எறிஞ்சவர்தானே? நீங்கள்தானே வீரன் எண்டு எழுதினனீங்கள்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெளியே விறாந்தையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொப்பியிலே நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். யார் கை எத்தனை இனிங்ஸ் தாங்கும், யாரை இன்னும் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று, கமக்காரன் கோற்காலியில் நெல்லை அளப்பதுபோல அளந்திருக்கிறேன். அக்கைகள் ஒவ்வொன்றும் ஒரு மனிதனுடைய தோளில் தொங்குகின்றன என்பதை எழுதவில்லை. எறியும் நோவை மறைத்தவனைப் புகழ்ந்திருக்கிறேன். அதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு இரவுதோறும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். உடைந்த மூக்கு வேறு, நோகும் முழங்கை வேறு என்ற பேதத்தை அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதிய எனக்கே அது தோன்றாமற் போயிற்று.

அவன் என்னை நம்பிச் சொன்ன இரகசியம். அதை உடைத்தால் அவன் இனி என்னிடம் எதுவும் சொல்லமாட்டான் என்ற அச்சமும் இருந்தது. ஆயினும் காலையிலே மகளிடம் சொன்னேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்து, "நீங்களும் இப்பிடித்தானே, அப்பா, ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தனீங்கள்?" என்றாள். என் தோளின் கதை அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. தாயிடமிருந்து அறிந்திருக்கவேண்டும்.

டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையிலே இன்னும் கடினமாகாத ஒரு பகுதி உண்டு. ஓயாது எறிவதால் அவ்விடம் இழுபட்டு வீங்கும். அவனுக்கு அதுவே. ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது. தொடாதிருந்தால் முற்றாக மாறிவிடும் என்றார். விதிப்படி எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. எண்ணிக்கை ஒரு வேலி. வேலிக்கு உள்ளேயிருக்கும் பயிருக்கு என்ன நோய் என்பதை வேலி அறியாது.

சனிக்கிழமை அவனுடைய அணி தோற்றது. அவன் வாங்கிலே உட்கார்ந்து பார்த்திருந்தான். ஒன்பது நாள் அவன் என்னோடு பேசவில்லை. மாலையிலே ஆட்டம் பார்க்கையில் சாய்கதிரையின் மறுகோடியில் இருப்பான். பத்தாம் நாள், தொலைக்காட்சியில் நஷனல்ஸின் பின்வரிசை மீண்டும் ஓர் ஆட்டத்தைக் கைநழுவவிட்டபோது, தன்னையறியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையில் கையை வைத்தேன். அவ்வளவில் சமாதானம்.

இதற்கிடையில் ஷேர்ஸரும் முதுகு நோவால் விலகியிருந்தார். உடைந்த மூக்கோடு எறிந்தவரே முதுகு நொந்தபோது வாரக்கணக்கில் ஓய்ந்தார். "பார்த்தாயா?" என்று நான் கேட்கவில்லை, பேரன் அதைத் தானே கண்டுகொண்டான். ஜூலை 31ஆம் திகதி, வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளிலே, டானியல் ஹட்சன் முதலாய மூன்று பின்வரிசைப் பந்தெறிஞரை அணி பெற்றுக்கொண்டது. பருவ முடிவிலே 93 வெற்றி, 69 தோல்வி. பின்வரிசையின் சராசரியோ ஈற்றிலும் 5.66ஆகவே நின்றது. என் கணக்கின் அந்தப் பகுதி சரி.

பிழைத்தது முடிபு. பின்வரிசையை நம்பமுடியாதெனக் கண்ட முகாமையாளர், ஒக்டோபரிலே தொடக்கப் பந்தெறிஞரையே இடையிலும் கொண்டுவந்தார். மில்வோக்கிக்கு எதிரான தனியாட்டத்தில் ஷேர்ஸருக்குப் பின்னர் ஸ்ட்ராஸ்பேர்க் வந்து மூன்று இனிங்ஸ் ஓட்டமின்றிக் காத்தார். எட்டாம் இனிங்ஸிலே சோட்டோ அடித்த பந்தில் அணி மீண்டது. பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் அணி, சென் லூயிஸ் அணி. இறுதியிலே ஹூஸ்டன் அஸ்ட்ரோஸுடன் உலகத் தொடர். ஏழு ஆட்டங்களிலும் சொந்த மைதானத்தில் ஆடிய அணியே தோற்ற விந்தைத் தொடர் அது. ஆறாம் ஆட்டத்தில் ஸ்ட்ராஸ்பேர்க் எட்டு இனிங்ஸுக்கு மேல் எறிந்து வென்றார். கழுத்து நோவினால் ஐந்தாம் ஆட்டத்தில் எறிய முடியாதிருந்த ஷேர்ஸர், ஏழாம் ஆட்டத்தைத் தொடங்கினார். ஏழாம் இனிங்ஸிலே ஹோவி கென்ட்றிக் அடித்த பந்து எல்லைக் கம்பத்திலே மோதியது. கோர்பின் வந்து மூன்று இனிங்ஸ் காத்தார். ஹட்சன் முடித்தார். 2019 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஆறுக்கு இரண்டு. 95 ஆண்டுகளுக்குப் பின் அந்நகருக்குக் கிண்ணம்.

அது நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய இரவு. கட்டிய பெட்டிகளுக்கு நடுவே பேரன் துள்ளினான். என் கொப்பியைக் கொண்டுவரச் செய்து, 'முதற்சுற்றில் முடியும்' என்ற வரியைத் தன் கையாலேயே வெட்டினான். வலக்கையால்.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. ஸ்ட்ராஸ்பேர்க் அவ்வாண்டு பருவத்தில் 209 இனிங்ஸும், ஒக்டோபரில் மேலும் 36 இனிங்ஸுக்கு மேலும் எறிந்தார், மொத்தம் 245. தொடரின் சிறந்த வீரரெனத் தெரிவு செய்யப்பட்டார். டிசெம்பரிலே அணி அவருக்கு ஏழாண்டு உடன்படிக்கை கொடுத்தது. தொகை 245 மில்லியன் டொலர். இலக்கங்கள் ஒத்துப்போனதைக் கொப்பியிலே வியப்புடன் குறித்தேன். அந்த உடன்படிக்கையின் கீழ் அவர் எறிந்தவை எட்டே ஆட்டங்கள்; 31 இனிங்ஸும் சொச்சமும். மணிக்கட்டிலே சத்திரசிகிச்சை, பின்னர் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு நெரிபடும் நோய்க்குச் சத்திரசிகிச்சை. 2022 ஜூனில் கடைசியாக ஒரு முறை எறிந்தார். 2024 ஏப்ரலில், முப்பத்தைந்து வயதிலே, ஓய்வு பெற்றார். கோர்பினும் 2019இன் நிலைக்கு வாஷிங்டனில் மீளவில்லை. அணியும் 2022இல் 107 ஆட்டங்களில் தோற்றது. ஆனால் ஷேர்ஸரோ, அதே ஒக்டோபரில் அதே விதமாக எறிந்தவர், 2025இல் நாற்பத்தொரு வயதில் டொரொன்டோ அணிக்காக மீண்டும் ஓர் உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தைத் தொடங்கினார். எவர் கையில் எவ்வளவு மிச்சம் என்பதை முன்கூட்டி அளக்கும் கோல் எவரிடமும் இல்லை.

2012இல் சேமித்தது சரியா, 2019இல் செலவிட்டது சரியா என்று மருமகன் இன்றும் கேட்பார். ஸ்ட்ராஸ்பேர்க் வளர்ந்த மனிதர்; தம் கையின் நிலையை அறிந்தவர். 2019இல் எறிவதற்கு அவரே இசைந்தார். அதற்கு ஒரு நகரத்தின் மகிழ்ச்சியும் தம் குடும்பத்திற்குப் பெருஞ்செல்வமும் பெற்றார். அதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பிள்ளைகளின் கதை வேறு. எதைச் செலவிடுகிறோம் என்று அறியாத வயதிலே அவர்களுக்காக எண்ணுவதும், எண்ணிக்கைக்கு அப்பால் பாற்கோப்பையைக் கவனிப்பதும் நம் கடமை. 1968இல் என் பாற்கோப்பையை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் மறைப்பதில் வல்லவனாயிருந்தேன்.

ஸ்ட்ராஸ்பேர்க் ஓய்வுபெற்ற செய்தி வந்த அன்று பேரன் தொலைபேசியில் அழைத்தான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது; குரல் உடைந்திருந்தது. பழைய கொப்பியை வாசித்துக் காட்டும்படி கேட்டான். நான்கு பக்கத்தையும் வாசித்தேன். 'அன்று சேமித்த கை இன்று எவ்வளவு மிச்சமிருக்கிறது?' என்ற இடத்தில் சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

பின்னர் அவன், "அண்டைக்கு நான் எறிஞ்சிருந்தால் வெண்டிருப்பம், அம்மப்பா" என்றான். ஒவ்வோராண்டும் ஒரு முறையேனும் அவன் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

"வெண்டிருப்பியள்" என்றேன். அது உண்மையாக இருக்கலாம்.

அவன் பயிற்சிக்குப் போகும் வேளையாயிற்று என்று விடைபெற்றான். அவன் இப்போதும் பந்தெறிஞனே. முழங்கையில் நோவில்லை என்று மகள் சொல்கிறாள். நான் அவளிடம், அவன் பாற்கோப்பையை எந்தக் கையால் எடுக்கிறான் என்று இடைக்கிடை கேட்பதுண்டு.